பக்கத்துக் கடைக்காரர் விற்ற போர்வை

காப்பர் பிராஞ்ச், கென்டக்கி
14 அக்டோபர் 1974

மதிப்பிற்குரிய திரு. ஸ்லோன் அவர்களுக்கு,

ஆர்லீனா டாக்கெட் எழுதுவது. நாற்காலிகளோடு மலை தாண்டி நல்லபடியாக வீடு சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதுகுவலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. முதல் உறைபனி விழுந்துவிட்டது. பூசணியெல்லாம் உள்ளே எடுத்து வைத்தாயிற்று.

லாரல் க்ரீக் கைவினைச் சந்தையில் பக்கத்துக் கடையில் இருந்துகொண்டு நீங்கள் செய்த உதவிக்கெல்லாம் முதலில் நன்றி. கடைசி நாள் மத்தியானம் நான் சாப்பிடப் போனபோது என் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டீர்கள். திரும்பி வந்தால் உங்கள் முகமெல்லாம் சிரிப்பு. "டாக்கெட் அம்மா, கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்க. பின்னாடி தொங்குச்சே பெரிய போர்வை, அதை வித்துட்டேன். அவங்க கேட்ட விலைக்கு நான் மசியவே இல்ல" என்றீர்கள். நான் "நல்லதுங்க" என்று மட்டும் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர் நம் சரக்கை விற்றுக் கொடுத்தால் நன்றி சொல்வதுதான் சந்தை வழக்கம். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரு. ஸ்லோன், அந்தப் போர்வை விற்பதற்கு வைத்தது இல்லை.

நாம் எல்லோரும் செய்கிற வேலைதான். நம் கையில் உருவானதில் நல்லதாக ஒன்றைக் கடையின் பின்னால் தொங்கவிட்டு, 'விற்பனைக்கு அல்ல' என்று ஒரு அட்டையைக் குத்தி வைப்போம். ஆள் அதைப் பார்க்க வருவான், போகும்போது ஒரு தலையணை உறையாவது வாங்குவான். நானும் அட்டை குத்தினேன். ஆனால் அது நடுவில் இருக்கிற பச்சை நட்சத்திரத்தை மறைத்தது. அவ்வளவு நேர்த்தியாக வந்த நட்சத்திரத்தை ஒரு அட்டை மறைப்பதா என்று அதைக் கழற்றி என் பைக்குள் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

அது என் பேத்தி டெசாவுக்கு வைத்திருந்தது. ஜூனில் அவளுக்குக் கல்யாணம். கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட கவுன், பள்ளிக்கூடம் போன முதல் நாள் உடுப்பு, ஈஸ்டர் கவுன், போய்ச் சேர்ந்த அவள் தாத்தாவின் நீலச் சட்டை, எல்லாவற்றிலும் ஒரு துண்டு எடுத்து ஒட்டுத் தைத்தது. அந்தத் துணி இனி எந்தக் கடையிலும் கிடைக்காது. வாங்கியவர்கள் யார், எந்த ஊர் என்று ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். பணத்தை அப்படியே வைத்திருக்கிறேன்.

குளிரில் முதுகை மூடிக்கொண்டு இருங்கள்.

இப்படிக்கு,
ஆர்லீனா டாக்கெட்


ஸ்டோனி ஃபோர்க், டென்னசி
22 அக்டோபர் 1974

மதிப்பிற்குரிய டாக்கெட் அம்மாவுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? என் முதுகைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடிதத்தின் பாதியை நின்றுகொண்டு படித்தேன், மீதிக்கு உட்கார வேண்டியதாகிவிட்டது. நாற்காலி செய்கிறவன் வீடு என்பதால் தரையில் விழாமல் தப்பித்தேன்.

விலைச்சீட்டு இல்லாததைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். உதவுகிறோம் என்ற உற்சாகத்தில் மனுஷனுக்குக் கண் மறைந்துபோகிறது.

வாங்கியது ஒரு புருஷன் பெண்டாட்டி. அந்த அம்மாள் கடுகு நிறக் கோட்டு போட்டிருந்தாள், நல்ல உயரம். அவருக்குச் சந்தைச் சேற்றில் வெள்ளைவெளேர் என்று பூட்ஸ். அவர் கேட்டார், "கொஞ்சம் குறைச்சுக்க மாட்டீங்களா?" நான் சொன்னேன், "தைச்ச அம்மா சாப்பிடப் போயிருக்காங்க. அவங்க வந்தா இன்னும் ஏத்திடுவாங்க, சீக்கிரம் எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுங்க." பாவி நான், விரட்டி விரட்டி விற்றிருக்கிறேன்.

வண்டி இண்டியானா நம்பர். "நாங்க ஒரு சந்தை விடமாட்டோம், எல்லாத்துக்கும் போவோம்" என்று அந்த அம்மாள் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது போதும் எனக்கு. இந்தக் குளிர்காலத்தில் நான் போகிற சந்தை ஒவ்வொன்றிலும் விசாரிக்கிறேன். ஜூனுக்குள் உங்கள் போர்வை உங்கள் கைக்கு வரும்.

நலமாக இருங்கள்.

வெட்கத்தோடு,
ஹோபர்ட் ஸ்லோன்


காப்பர் பிராஞ்ச்
5 நவம்பர் 1974

மதிப்பிற்குரிய திரு. ஸ்லோன் அவர்களுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இவ்வளவு வெட்கப்படாதீர்கள், படிக்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது. போன வாரம் பன்றி அடித்து உப்புப் போட்டு வைத்தோம். பக்கத்தில் இருந்தால் ஒரு துண்டு கொடுத்தனுப்பலாம்.

டெசா சனிக்கிழமை வந்திருந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன், அவள் அம்மா எட்டாவதோடு நின்றாள், இவள் நர்ஸ் படிப்பே முடித்துவிட்டாள். தொப்பி வைத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற போட்டோ ஒன்று இருக்கிறது. யார் வந்தாலும் அதைக் காட்டாமல் அனுப்புவதில்லை. சந்தையில் உங்களுக்கும் காட்டினேன், ஒரே நாளில் இரண்டு தரம் காட்டினேன் என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மாச்சி, என் போர்வை எங்க? ராய்ஸ் பாக்கணுமாம்."

"மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னாடி பாக்கக் கூடாது."

"அது கல்யாணக் கவுனுக்குத்தானே?"

"போர்வைக்கும்தான். உங்க ஆஸ்பத்திரியில இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் அவளிடம் பொய் சொல்லி வளர்த்ததில்லை.

ஏதாவது தகவல் கிடைத்தால் எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள்.

ஆர்லீனா டாக்கெட்


ஸ்டோனி ஃபோர்க்
25 நவம்பர் 1974

மதிப்பிற்குரிய டாக்கெட் அம்மாவுக்கு,

நலம். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு உங்கள் வீடு நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே நானும் ஒரு கோழியும் மட்டும்தான், அதிலும் ஒருவர் அடுப்பில்.

ஒரு நல்ல செய்தி. நேற்று இந்தப் பக்கத்துச் சர்ச் ஒன்றின் கிறிஸ்துமஸ் பஜாருக்குப் போயிருந்தேன். வியாபாரம் பரவாயில்லை. அங்கே வெர்னா என்று சோப்பு காய்ச்சி விற்கிற ஒரு அம்மாள். கடுகுக் கோட்டு என்றதுமே சிரித்துவிட்டாள்.

"அந்தம்மாவா? என்கிட்டதான் லாவெண்டர் சோப்பு வாங்குவாங்க. புருஷன்காரர் ஒரு தினுசுங்க. நான் சோப்பைப் பத்திப் பேசப் பேச அந்தாளு என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கடைசியில, 'கீழ்க் கடவாப்பல்லைக் கவனிச்சுக்கங்க, இல்லேன்னா டிசம்பர் குளிர்ல உயிர் போயிடும்'னாரு."

ஆக, அவர் பல் டாக்டர்! வெள்ளை பூட்ஸுக்குக் காரணம் புரிந்துவிட்டது. எந்த ஊர் என்று வெர்னாவுக்குத் தெரியவில்லை. வீட்டில் ஏதாவது சீட்டு இருக்கிறதா பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். இண்டியானாவில் பல் டாக்டர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்தான். ஆனால் இண்டியானாவை விடச் சின்னதாகிவிட்டது இல்லையா நம் தேடல்?

பேத்தியின் போட்டோவை எனக்கு இரண்டு தரமில்லை, மூன்று தரம் காட்டினீர்கள். மூன்றாவது தரமும் நன்றாகத்தான் இருந்தது.

ஹோபர்ட் ஸ்லோன்


காப்பர் பிராஞ்ச்
12 டிசம்பர் 1974

திரு. ஹோபர்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து அடுப்பில் இருந்த ரொட்டி கருகிவிட்டது. நான் சௌக்கியம். சின்ன இருமல் இருந்தது, தேனும் இஞ்சியும் குடித்துப் போயிற்று.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பாதிரியாரின் மனைவிக்கு உங்கள் பக்கம்தான் பிறந்த வீடு. அவளும் அதே பஜாருக்குப் போயிருந்தாளாம். "அங்க பொம்பளைங்க பின்னல் வேலையும் சோப்பும் ஜாமும்தான். மரச்சாமானே கிடையாது. நெட்டையா ஒருத்தர் மட்டும் தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கடை கடையா நின்னு எதையோ விசாரிச்சுக்கிட்டு இருந்தாரு" என்கிறாள்.

வியாபாரம் பரவாயில்லை என்று எழுதியிருந்தீர்களே, எதை விற்றீர்கள்?

இத்துடன் உலர்ந்த ஆப்பிள் வைத்து அடுக்கின கேக் ஒன்று அனுப்புகிறேன். இரண்டு நாள் கழித்து வெட்டினால்தான் ருசி ஊறியிருக்கும். வந்ததும் வெட்டிவிடாதீர்கள். மலைப் பாதையில் பனி கெட்டியாகிவிட்டது, வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

கர்த்தர் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆர்லீனா


ஸ்டோனி ஃபோர்க்
6 ஜனவரி 1975

ஆர்லீனா அம்மாவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். கேக்கை இரண்டு நாள் வைத்திருக்கச் சொன்னீர்கள். ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன்! வெர்னா எழுதியிருக்கிறாள். அந்த அம்மாள் போன வருஷம் தபாலில் சோப்பு வரவழைத்திருக்கிறாள். ஊர் பெயர் ஹேடன்பர்க், ஆற்றுக்கு அந்தப் பக்கம். டாக்டர் ஆக்கர்மன். அடுத்த வாரம் பனி விட்டதும் கிளம்புகிறேன். வண்டியின் பின்னால் போர்த்திக் கட்ட சுத்தமான படுதா எடுத்து வைத்தாயிற்று. திரும்பும்போது நேரே காப்பர் பிராஞ்சுக்கே வந்து கையில் கொடுக்கிறேன்.

விலை பேசுவதில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. கவலையை விடுங்கள்.

ஹோபர்ட்


காப்பர் பிராஞ்ச்
2 மார்ச் 1975

ஹோபர்ட் அவர்களுக்கு,

உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுகிற மூன்றாவது கடிதம் இது. ஜனவரியில் ஒன்று போட்டேன், பிப்ரவரியில் ஒன்று போட்டேன். தபால்காரன் இப்போதெல்லாம் எங்கள் பாலத்தருகே வரும்போதே கையை விரித்துக் காட்டிவிடுகிறான்.

அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்றீர்கள். ஆற்றுப் பக்கம் ஐஸ் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்கு அப்புறம் ஒரு வரி கூட இல்லை. ஆணும் பெண்ணுமாக எத்தனை பேரை வழியனுப்பிவிட்டு உட்கார்ந்தவள் நான். இன்னொருவரைப் பற்றி அப்படி ஒரு செய்தி கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. அதுவும் ஒரு துணிக்காக.

போர்வை போனால் போகட்டும். டெசாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் வண்டியோடு முழுசாக வீட்டில் இருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். கையெழுத்து மட்டும் இருந்தாலும் போதும்.

ஆர்லீனா


ஸ்டோனி ஃபோர்க்
12 மார்ச் 1975

ஆர்லீனா,

முழுசாக இருக்கிறேன். ஒரு பல் மட்டும் குறைவு.

நான் செய்தது அயோக்கியத்தனம். உங்கள் மூன்று கடிதமும் என் மேஜைமேல்தான் இருக்கின்றன. என்ன எழுதுவது என்று தெரியாமல் விறகு வெட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்த குளிர்காலத்துக்கும் சேர்த்து வெட்டியாயிற்று.

ஹேடன்பர்க் போனேன். சுகமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். போர்வை அங்கே இருக்கிறது, ஆர்லீனா. அவர்கள் அதைப் படுக்கையில் போடவில்லை. டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கிற அறையில், சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு, மேலே ஒரு விளக்கும் வைத்து மாட்டியிருக்கிறார்கள்.

உள்ளே போனதும் ஒரு பெண் "டாக்டரைப் பாக்கணுமா?" என்றாள். ஆமாம் என்றேன். பேசத்தான் வந்தேன் என்று சொல்வதற்குள் நாற்காலியில் சாய்த்துவிட்டார்கள். அப்படி ஒரு நாற்காலியை நான் பார்த்ததே இல்லை, மிதித்தால் மேலே போகிறது. அதை ஆராய்ந்துகொண்டிருந்தபோது டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, "அடடா, இதோட எப்படிங்க இத்தனை நாள் இருந்தீங்க?" என்று ஊசியைப் போட்டுவிட்டார். பல்லையும் பிடுங்கிவிட்டார். அப்புறம் பார்த்தால் எனக்கு நாக்கும் இல்லை, உதடும் இல்லை. சுவரைக் காட்டிக் காட்டி முனகினேன். "ரொம்ப அழகுதான், இல்லையா?" என்று முதுகில் தட்டி அனுப்பி வைத்தார்கள். விலை பேசுவதில் ஜெயிக்க ஆளே இல்லாதவன் நான்.

பிப்ரவரியில் மறுபடி போனேன். இந்தத் தடவை வாசலிலேயே டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். "சுவத்துல இருக்கற போர்வையை எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க, என்ன விலைன்னாலும் சொல்லுங்க" என்றேன். அவர் நல்ல மனுஷன், கோபப்படவில்லை. "அது விக்கறதுக்கு இல்லீங்க" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன சொல்வேன்? ஒருவர் தன் சாமானைக் காட்டி 'விற்பனைக்கு அல்ல' என்று சொன்னால் மேலே ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாம் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் கடை போடுகிறோம். அதை மதிக்காமல் ஒரு தடவை விற்றுவிட்டு வந்த வினைதானே இது. நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். யாருடைய போர்வை, எதற்காக என்று அவரிடம் சொல்லக்கூட இல்லை. சொன்னால் அது பிச்சை கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன். காப்பாற்ற முடியவில்லை.

ஹோபர்ட்


காப்பர் பிராஞ்ச்
20 மார்ச் 1975

ஹோபர்ட்,

நல்லபடி இருக்கிறீர்கள். அது போதும், மீதியெல்லாம் அப்புறம்.

பல் பிடுங்கின இடத்தில் கிராம்பு எண்ணெய் தடவுங்கள். இன்னொரு பல்லையும் எனக்காகக் கொடுத்துவிடாதீர்கள், அடுக்கின கேக்கை எதைக் கொண்டு மெல்லுவீர்கள்?

போர்வையைக் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கிறார்கள் என்று படித்ததும் முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஒரு குளிரையும் அது தடுக்கப்போவதில்லையே. அப்புறம் விளக்கும் வைத்திருக்கிறார்கள் என்பதை இன்னொரு தரம் படித்தேன். பொய் சொல்ல மாட்டேன், மூன்றாவது தரமும் படித்தேன்.

நான் உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நடுவில் இருக்கிற பச்சை நட்சத்திரம் என் மகளுடைய கவுனில் வெட்டினது. டெசாவின் அம்மா. டெசாவுக்கு நாலு வயசாக இருக்கும்போது போய்விட்டாள். அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை பாடுவாள். டெசாவுக்கு அம்மா முகம் ஞாபகம் இல்லை, அந்தப் பச்சை ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் அட்டை அதை மறைக்கக் கூடாது என்று கழற்றினேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே டெசாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராய்ஸும் இருந்தான். அவள் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ போர்வைய மாப்பிள்ளை பாக்கக் கூடாதுன்னது?"

"சும்மா சொன்னேன்."

"அம்மாச்சி! நான் அதை வார்டு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு பொண்ணுங்க அதை நம்பித் தங்க போர்வையை மறைச்சு வச்சிருக்குதுங்க."

ராய்ஸ் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. உரித்த பீன்ஸை ஓரமாக வைத்துவிட்டு, "அதுக்கு மேல விளக்கு வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நான் அதைப் போய்ப் பாக்கணும். கேக்கறதுக்கு இல்ல. ஒரு தடவை பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

ஏப்ரல் மூன்றாம் சனிக்கிழமை ராய்ஸ் வண்டியில் போகிறோம். நீங்களும் வந்தால் தெம்பாக இருக்கும்.

ஆர்லீனா


காப்பர் பிராஞ்ச்
21 ஏப்ரல் 1975

ஹோபர்ட்,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? 'அந்த வாசலில் நிற்க எனக்கு முகம் இல்லை' என்று ஒரு வரி எழுதியதோடு சரி, நீங்கள் வரவில்லை. வந்திருக்க வேண்டும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அறையில் கன்னம் வீங்கின ஒரு சின்னப் பெண்ணும் அவள் அம்மாவும்தான் இருந்தார்கள். எழுதுகிற மேஜையில் கடுகுக் கோட்டு அம்மாளே உட்கார்ந்திருந்தாள், பெயர் நோரா. டெசா நேரே சுவரருகே போய் நின்றாள். கீழ் மூலையில் வாத்துப் படம் போட்ட மஞ்சள் துண்டு இருக்கிறதே, கண்ணாடிமேல் அங்கே கையை வைத்தாள்.

அந்தச் சின்னப் பெண் எழுந்து வந்துவிட்டாள். "அது என் வாத்து."

டெசா சொன்னாள், "இல்லையே, அது என் கவுன்."

"என்னோடதுதான். நான் எப்போ வந்தாலும் அதைத்தான் பாப்பேன். பாத்தா வலிக்காது."

"நான் அதைப் போட்டுக்கிட்டு நடக்கக் கத்துக்கிட்டேன். அப்போ உன்னைவிடச் சின்னவ."

நோரா பேனாவை வைத்துவிட்டாள். "உங்க கவுனா?" என்றாள். டெசா ஒவ்வொரு துண்டாகக் காட்டிச் சொன்னாள். நீலம் தாத்தா, வெள்ளை ஈஸ்டர். பச்சைக்கு வந்ததும் "இது எங்கம்மா" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டாள்.

நோரா மேஜையை விட்டு எழுந்து வந்தாள். "விக்கறதுக்குன்னு நினைச்சுத்தாங்க வாங்கினோம்" என்றாள்.

"உங்க மேல தப்பே இல்லம்மா" என்றேன். "அட்டையைக் கழட்டி மறைச்சது நான். நாங்க கேக்க வரல. பொண்ணுக்கு ஜூன்ல கல்யாணம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கணும்னா."

அவள் உள்ளே போய்ப் புருஷனைக் கூட்டிவந்தாள். அதே வெள்ளை பூட்ஸ். அவர் எங்களைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். "முனகிக்கிட்டே போயிட்டு மறுபடி வந்து கேட்டாரே ஒருத்தர், அவர் இதுக்காகத்தான் கேட்டாரா?" என்று கேட்டார். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து, நோயாளி காத்திருக்க, தன் கையாலேயே சட்டத்தைக் கழற்றினார். நான் பணத்தை நீட்டினேன். எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொண்டார், எனக்கு அது பிடித்தது. தானம் வாங்கினால் என் பேத்தி அதைப் போர்த்திக்கொள்ள மாட்டாள்.

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம், அந்தச் சின்னப் பெண் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "என் வாத்து போகுது!" வெற்றுச் சுவரைப் பார்க்க எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்: இலையுதிர் காலத்துக்குள் வாத்து வைத்து ஒரு போர்வை தைத்துத் தருகிறேன் என்று. டாக்டரிடம் மட்டும் ஒரு கண்டிஷன் போட்டேன். "கண்ணாடி போடக் கூடாது. பிள்ளைங்க தொடணும்."

"ஒத்துக்கறேன். விலை என்ன?" என்றார்.

"விலை பேச எனக்கு வராதுங்க. அதுக்கு ஒருத்தர் இருக்காரு" என்றேன்.

"வாயில ஊசி போட்டுக்காம வந்து பேசச் சொல்லுங்க" என்றார்.

ஜூன் பதினான்காம் தேதி கல்யாணம். எங்கள் சர்ச்சில். அங்கே நிற்க உங்களுக்கு முகம் இருக்கிறது என்று டெசா சொல்லச் சொன்னாள்.

ஆர்லீனா


காப்பர் பிராஞ்ச்
11 ஆகஸ்ட் 1975

அன்புள்ள ஹோபர்ட்,

இங்கே எல்லோரும் சுகம். கல்யாணத்தில் நீங்கள் ஆடின ஆட்டத்துக்கு முதுகு எப்படி இருக்கிறது என்று ராய்ஸ் கேட்கிறான். டெசா எழுதியிருக்கிறாள். புது வீட்டில் ராத்திரி குளிரே இல்லை, இருந்தாலும் போர்த்திக்கொள்கிறார்களாம்.

வாத்துப் போர்வை முக்கால்வாசி முடிந்துவிட்டது. வாத்துகள் கொஞ்சம் கொழுத்துவிட்டன. டாக்டர் வீட்டுக்காரர்கள் அக்டோபர் சந்தைக்கே வந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

சந்தை விஷயமாகத்தான் எழுதுகிறேன். தேர்வுக் குழுவில் இருக்கிற ஓபல் நேற்று வந்தாள், யாருக்கு எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டு போக. நான் சொன்னேன், "இந்த வருஷம் எனக்கும் ஸ்லோனுக்கும் ஒரே கடையாப் போட்டுடு. பக்கத்துக் கடையில இருந்துக்கிட்டு அவர் என் சாமானை வித்துடறாரு. என் கடையிலயே உக்கார வச்சா கண்ணுக்கு முன்னாடி இருப்பாரு."

ஓபல் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஆர்லீனா, விதி உனக்குத் தெரியாதா? ரெண்டு பேர் கைவேலை ஒரே கடையில இருக்கணும்னா அவங்க ஒரே குடும்பமா இருக்கணும்."

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

அவள் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினாள். அப்புறம், "அவருக்குத் தெரியுமா?" என்றாள். நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன். அடுத்த வாரக் கடைசியில் மறுபடி வருகிறேன், அதற்குள் தெரிந்து வை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேண்டாம் என்றால் தயங்காமல் எழுதுங்கள். எப்போதும்போல அடுத்தடுத்த கடையாகவே போடச் சொல்லிவிடுகிறேன், என் பேச்சில் ஒரு மாற்றமும் இருக்காது. ஆனால் இந்தத் தடவை விறகு வெட்டப் போய்விடாதீர்கள்.

ஆர்லீனா


ஸ்டோனி ஃபோர்க்
14 ஆகஸ்ட் 1975

அன்புள்ள ஆர்லீனா,

முதுகு நன்றாக இருக்கிறது, எல்லாமே நன்றாக இருக்கிறது. உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்காரர் இன்னும் ஓடையைத் தாண்டியிருக்க மாட்டார், அவரைத் துரத்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஓபலிடம் ஆமாம் என்று சொல்லுங்கள். முனைக் கடையாகப் பார்த்துக் கேளுங்கள், நாற்காலிக்கு இடம் வேண்டும்.

ஹோபர்ட்